எங்கள் வீட்டு முதுகு

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு முதுகு உண்டு. நடு வயதில் முன்பக்கம் சாயும். சாய்ந்த இடத்திலேயே இறுகிவிடும். அப்புறம் குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது. என் மாமனார் அப்படியே இருந்து அப்படியே செத்தார். பாடையில் மல்லாத்திப் படுக்கவைக்க முடியவில்லை. ஒருக்களித்து வைத்துக் கட்டினார்கள்.

என் கணவருக்கு நாற்பதுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் கழுத்து. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவார். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வேலை. பெட்டி தூக்கி வந்தது என்று கொஞ்ச காலம் சொன்னோம். ஆனால் கூட வேலை செய்கிற வெளியூர்க்காரர்களுக்கு வரவில்லை. அதனால் வம்சம் என்று முடிவு செய்தோம். மாமனாரின் அண்ணனுக்கும் இருந்ததாம். ஊரிலும் "அவங்க வூட்டு முதுகு" என்றுதான் பேச்சு. மூக்கு, நிறம் சொல்வது போலச் சொல்வார்கள்.

கொழுந்தனாருக்கு மட்டும் முதுகு நேராக இருந்தது. அவர் சின்ன வயதிலேயே ஓசூருக்குப் போனவர். கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். "சின்னவன் அம்மா ஜாடை" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தோம்.

பல் வேறு கணக்கு. எங்கள் பக்கம் நிறையப் பேருக்குப் பல்லில் காவிக் கறை இருக்கும். அது தண்ணீரால் வருவது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வந்து சொன்னார்கள். சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். கறைதானே, பார்வைக்குத்தானே என்று இருந்தோம். பல்லுக்குத் தண்ணீர், முதுகுக்கு ரத்தம். இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தோம்.

குடித்தது எங்கள் போர்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மாமனார் இரண்டு இடத்தில் போட்டுப் புழுதி வந்து, மூன்றாவது இடத்தில் வந்த தண்ணீர். தெருவில் இருந்த கைபம்பு வறண்ட பிறகு தெருவே எங்கள் வாசலுக்கு வந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயிலும் வரும். எங்கள் தெரு மேடு. வருகிற அன்றைக்கு வரும். மருந்து வாசம் அடிக்கும். "சப்புனு இருக்குது" என்பார்கள். அதைப் பிடித்து மாட்டுக்கு வைத்தோம். பாத்திரம் கழுவினோம். குடத்தில் ஊற்றிவைத்துக் குடித்தது போர்த் தண்ணீரைத்தான். அதில் ருசி இருந்தது. அது பொய் இல்லை.

நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பிறந்தவள். எட்டாவது வரை படித்தேன். கட்டிக்கொடுத்து இங்கே வந்தேன். ஒரு மகள்.

அந்த ஓவியர் வந்தது ஆடி மாதம். சேலத்துக்காரர். ஓவியக் கல்லூரியில் படித்தவர். மண்டியில் என் கணவர் நடப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் பின்னால் வந்துவிட்டார்.

"உங்களை வரையணும்ண்ணே."

"என்னையா? என் ஒடம்புல என்னத்த அழகக் கண்டீங்க?"

"அழகு வேணாம்ண்ணே. எப்படி இருக்கறீங்களோ அப்படி."

"அப்ப சரிங்க. அழகு வேணும்னா தம்பியத்தான் ஓசூர்ல இருந்து வரச்சொல்லணும்."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என் ஓரகத்தி, கொழுந்தனார் பெண்டாட்டி, குரல் கொடுத்தாள். "எங்க ஊட்டுக்காரர எதுக்கு மாமா வம்புக்கு இழுக்கறீங்க? அவரு வாரம் ஒருக்கா வர்றதே படமாட்டந்தான் இருக்குது."

எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் ஒரு பாலிஹவுஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட பூக்கொட்டகை, சும்மா கிடந்தது. யாரோ ரோஜா போட்டு, நட்டமாகி, விட்டுப் போனது. மேலே இருந்த பிளாஸ்டிக் வெயிலில் பால் நிறமாகிவிட்டது. ஓவியர் அதற்குள் இடம் பிடித்தார். உள்ளே போனால் ஒரு மாதிரி இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நின்றால் தரையில் நிழல் விழாது. காற்று அடித்தால் கிழிந்த ஓரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கூலி கொடுத்தார். என் கணவருக்கு மண்டியில் வேலை குறைந்துகொண்டு வந்த நேரம்.

"ஏன் சார் வெளியே வெச்சு வரையக்கூடாது? நல்ல வெயிலு இருக்குதே."

"வெயில் பொய் சொல்லும்க்கா. ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டும், ஒரு பக்கத்தை மறைக்கும். மப்பு வெளிச்சம் எதையும் மறைக்காது."

பிரான்சு நாட்டில் நூறு வருஷத்துக்கும் முன்னால் அப்படி வரைந்தவர்கள் இருந்தார்களாம். வயல் ஓரத்தில் கண்ணாடியால் அறை கட்டி, அதற்குள் நின்று வரைந்தார்களாம். களை எடுக்கிறவளை, மாடு மேய்க்கிறவனை, அழுக்கோடு, வெடிப்போடு, ஆள் உயரத்துக்கு. ராஜாவையும் சாமியையும் மட்டும் அந்த அளவுக்கு வரைந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய சண்டையாகிவிட்டதாம்.

"அவங்க கண்ணாடியில கட்டுனாங்க. எனக்கு யாரோ மானியத்துல கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சிரித்தார்.

"இதுக்கு என்னங்க பேரு?" என்று என் கணவர் கேட்டார்.

"இயல்புவாதம்னு சொல்லுவாங்கண்ணே."

"வாதமா? அது என்கிட்டயே இருக்குதே. இதுக்கா பிரான்சுக்குப் போனீங்க?"

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவர் சிரித்தால் தோளும் சேர்ந்து அசையும். கழுத்து தனியாக அசையாது.

முதல் படம் ஒரு மாதம் போல ஆனது. பார்த்தேன். என் கணவர் நின்றார். பின்னால் எங்கள் கொல்லை. மண் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது, அவர் தலைக்கும் மேலே. வானம் உச்சியில் இரண்டு விரல்கடை.

"வானம் இவ்வளவுதானா சார்?"

"அவங்க அப்படித்தான்க்கா போடுவாங்க. வானம் பெருசா இருந்தா ஆளு தப்பிச்சுப் போற மாதிரி தெரியும்."

படத்தில் அவர் மண்ணில் நட்டுவைத்த முளைக்குச்சி மாதிரி இருந்தார். பல்லில் கறை அப்படியே. நகத்தில் தக்காளிக் கறை அப்படியே.

இதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்த பெரிய படம் ஒன்றே ஒன்று. மகளுக்குக் காது குத்தியபோது அடித்த பேனர். அதில் எங்கள் மூன்று பேருக்கும் பல் பளீரென்று இருக்கும். பேனர் கடைக்காரன் கேட்காமலே வெள்ளையாக்கிவிடுவான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கல்யாணத்துக்கும் அப்படித்தான், சாவுக்கும் அப்படித்தான். செத்தவர்கள்கூட வெள்ளைப் பல்லோடு ரோட்டோரம் தொங்குவார்கள்.

ஓவியர் வரையும்போது கதை சொல்வார். அந்த நாட்டில் அதே மாதிரி எழுதினவர்களும் இருந்தார்களாம். எழுதுவதற்கு முன்னால் சாராயக்கடைக்கும் சுரங்கத்துக்கும் நேரில் போய் உட்கார்ந்து பார்த்தார்களாம். வைத்தியர் புண்ணைப் பார்ப்பது போல. மனிதனை அவன் ரத்தம் பாதி செய்கிறது, இருக்கிற இடம் பாதி செய்கிறது, அவன் நினைத்து ஆவது கொஞ்சம்தான் என்பது அவர்கள் கணக்கு. தாத்தன் குடிப்பான், மகன் குடிப்பான், பேரன் வேறு விதமாகக் கெடுவான். கதை கீழே கீழே போகும்.

"யாராச்சும் தப்பிப்பாங்களா சார்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு எழுதறாங்க?"

யோசித்தார். "ஏன் தப்பிக்க முடியலைன்னு தெரியறதுக்கு."

என் கணவர் நின்ற இடத்திலிருந்தே, "எங்க வூட்டுக் கதையும் அதுதாங்க. எங்க அப்பன், அப்புறம் நானு. நல்லவேளை பொட்டப்புள்ள பொறந்துச்சு. பொம்பளைங்களுக்கு இது வராது" என்றார்.

ஓவியருக்கு அது பிடித்திருந்தது. வம்சப் படமாகச் செய்யலாம் என்றார். அடுத்து மகளை நிறுத்தினார்.

அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட உடுப்பில் நின்றாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். "சார், மூக்கு சொறிஞ்சுக்கட்டா?" என்று கேட்டுக் கேட்டுச் சொறிவாள். அவருக்கும் அவளை நிற்கவைக்க மிட்டாய் வாங்கி மாளவில்லை.

படம் முடிகிற சமயத்தில் போய்ப் பார்த்தேன். முகம் அவள் முகம். குறும்பு அப்படியே இருந்தது. கீழே கால் தப்பாக இருந்தது. முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, பாதம் தனித்தனியாக விலகி நின்றது.

"காலு தப்பா போட்டிருக்கீங்க சார்."

அவர் கோபப்படவில்லை. "பாப்பாவ இங்க கூட்டிட்டு வாங்கக்கா" என்றார்.

அவளைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த நிழல் இல்லாத வெளிச்சத்தில் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். அவள் காலைப் பார்த்தேன். தினம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுகிற கால். ஓடும்போது விழுகிறாள் என்று திட்டியிருக்கிறேன். "முன்னாடி பாத்து ஓடுடி" என்பேன்.

"என்னம்மா பாக்கற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. போய் வெளையாடு."

வெளியே ஓடினாள். ஓடுவதைப் பார்த்தேன். அதுவரை பார்த்ததில்லை.

"ரிக்கெட்ஸ் மாதிரி எலும்பு நோய் ஏதாச்சும் இருக்கும்க்கா. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் ஓவியர். "உங்க பக்கம் ரத்தத்துலயே எலும்பு இப்படித்தானோ என்னவோ."

வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடும்போது தட்டைத் தூக்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுவருவார். தட்டைக் கீழே வைத்தார். "வந்துருச்சா" என்று மட்டும் கேட்டார். யாரோ வெகுநாளாக வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் வந்துவிட்டது போல.

டாக்டரிடம் உடனே போகவில்லை. போய் என்ன, வம்சம் என்றால் மாத்திரைக்கு என்ன கேட்கும் என்று இருந்தோம். ஐப்பசி வந்தது. ஓவியர் என்னையும் வரைய வேண்டும் என்றார். அம்மா இல்லாமல் குடும்பம் முழுசாகாது என்றார். நான் எதற்கு, நான் இந்த வம்சம் இல்லையே என்றேன். பரவாயில்லை என்றார்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிமிர்கிற மாதிரி நிற்கச் சொன்னார். நின்றேன். மழை பிடித்துக்கொண்ட நாட்கள். பிளாஸ்டிக்கின் மேல் தண்ணீர் தேங்கித் தொங்கும். எந்த நேரமும் கிழிந்து தலையில் கொட்டுகிற மாதிரி. நிமிர்ந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

மூன்று படமும் முடிந்ததும் வரிசையாகச் சாத்திவைத்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் படத்துக்கு முன் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, மாமா மாதிரியே நிக்கற பாரு. தாலியோட சேத்து முதுகையும் கட்டி அனுப்பிட்டாங்களா உனக்கு?"

நானும் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை.

அதே சாய்வு. தோள் முன்னால் வந்து, தாடை தூக்கி, கழுத்து விறைத்து. சேலையை மாற்றி வேட்டி கட்டினால் அவர்தான். மாமனாரின் பாடையும் ஞாபகம் வந்தது.

"சார், ரத்தம்னு சொன்னீங்களே."

"ஆமாக்கா."

"நான் வேற ரத்தம்."

அவர் தூரிகை துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு என் படத்தைப் பார்த்தார். அவரே வரைந்த படம். என் கணவர் படத்துக்கும் என் படத்துக்கும் நடுவே போய் நின்று மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நான் கண்ணுக்குப் பட்டதைப் போட்டேன். இப்படின்னு எனக்கும் தோணல."

"ரத்தம் இல்லன்னா உங்க கதைங்கள்ல வேற என்ன சொல்லுவாங்க?"

"இடம்."

"இடம்னா?"

"மண்ணு. காத்து. வேலை. திங்கறது. குடிக்கறது."

ஓரகத்தி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் போர் தெரியும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே குடத்தோடு நின்றது.

"நீ பாட்டுக்கு எங்கியாவது போயி எதையாவது சொல்லி வெக்காத யக்கா" என்று ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள். "மாமா காதுல வுழுந்தா கொன்னே போடுவாரு. அது அவங்கப்பன் உசுரு."

நான் அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார், என் கணவர். எங்களோடேயே பஸ் ஏறினார்.

டாக்டர் பொம்பளை. வயசு கம்மி. மகள் வாயைத் திறக்கச் சொன்னார். முட்டியை அமுக்கினார். அப்புறம் என் கணவரைப் பார்த்து, "நீங்க திரும்பிக் கதவைப் பாருங்க" என்றார். அவர் ஆளே திரும்பினார். டாக்டர் எழுந்தேவிட்டார். இவருக்கும் எக்ஸ்ரே எடுக்கணும் என்றார். எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார். முதுகெலும்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கட்டையாக. என்னையும் குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்தார்.

"குடிக்கறது எந்தத் தண்ணி?"

"எங்க போருங்க" என்றார் அவர்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"எங்கப்பா போட்டதுங்க அது."

"அதைக் கேக்கல. டெஸ்ட் பண்ணீங்களா?"

தண்ணீரில் இருக்கிற ஒரு உப்பு, பல்லில் கறை போட்ட அதேதான் எலும்பையும் பிடிக்கிறது என்றார் டாக்டர். ஒரே தண்ணீர். பல்லில் முதலில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அப்புறம் காவியாகும். எலும்பில் கடைசியில் தெரியும். இவருக்கு இனி இறங்காது. எனக்கு இப்போதுதான் ஆரம்பம். மகளுக்குக் கால் இன்னும் வளர்கிற கால். இன்றோடு நிறுத்தினால் இதோடு நிற்கலாம். நிறுத்தாவிட்டால் கட்டாயம் நிற்காது.

"காய்ச்சிக் குடிச்சா?" என்று என் கணவர் கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

"காய்ச்சினா இன்னும் கெட்டியாத்தான் ஆகும். குழாய்த் தண்ணி வருதா?"

"வருதுங்க."

"அதை என்ன பண்றீங்க?"

நான்தான் சொன்னேன். "மாட்டுக்கு வெக்கறோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிக்க ஆகாது என்று வந்தது. அன்றிலிருந்து மகளுக்குக் குழாய்த் தண்ணீரில் தனிக் குடம். குழாய் வராத நாளில் பள்ளிக்கூடத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவாள். கீழ்த்தெருவுக்குப் போய் நான் பிடித்துவருவேன். என் கணவர் எதுவும் தடுக்கவில்லை. ஆனால் தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

"ஏங்க, எல்லாரு வூட்லயும் புள்ளைங்க இருக்குதுங்க."

"எங்கப்பன் பேரு அதுலதான் நிக்குது. அதுல வெசம்னு நான் வாயால சொல்லணுமா?"

"நீங்க சொல்லாட்டி நான் சொல்றேன்."

"சொல்லு. சொல்லிட்டு அந்தக் குடத்த எடுத்துக்கிட்டு உங்க ஊருக்கே போயிரு."

தினமும் காலையில் மோட்டார் போடுவோம். தெரு வரும். "உங்க தண்ணில வெச்சாத்தான் கொழம்பு கொழம்பா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் குடத்துக்குக் குடம் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தக் குடம் எந்த வீட்டுக்குப் போகிறது, அந்த வீட்டில் யார் யார் என்று தலைக்குள் ஓடும்.

ஓவியர் கிளம்பினார். பெங்களூரில் காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நீங்க ஊர்க்காரங்ககிட்ட சொல்லுங்க சார். படிச்சவரு சொன்னா கேப்பாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வந்து பாத்துட்டுப் போறவன்க்கா. அந்த மாதிரி எழுதினவங்களும் வரைஞ்சவங்களும் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க. உள்ளதை உள்ளபடி வெப்பாங்க. பாக்கறவங்க புரிஞ்சுக்கணும்."

"பெங்களூர்ல பாக்கறவங்க இந்தத் தண்ணியக் குடிக்கறதில்ல சார்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் வரையாமல் இருந்திருந்தால் நான் என் மகள் காலைப் பார்த்திருக்க மாட்டேன். அதை அவரிடம் சொன்னேன். படங்களைத் துணி போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினார். மகள் படத்தை ஏற்றும்போது மட்டும் நான் திரும்பிக்கொண்டேன்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா. போர் வந்ததிலிருந்து கரகத்துக்குத் தண்ணீர் எங்கள் வாசலில்தான் எடுப்பார்கள். கரகம் ஜோடித்துப் பூசை முடிந்ததும், மிச்சத் தண்ணீரைப் பூசாரி ஒரு சொம்பில் தருவார். வீட்டுப் பெண்குழந்தை முதலில் குடிக்கும். அப்புறம்தான் தெருப் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு நோய் நொடி வராது என்று ஐதீகம். மூன்று வருஷமாக என் மகள்தான் குடித்துவந்தாள்.

அன்றைக்குக் காலையில் நான் சொன்னேன். "அவ குடிக்க மாட்டா."

"ஒரு மடக்கு. ஒரு மடக்குல என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா அவ குடிக்கறதப் பாத்துட்டுத்தான் அத்தனை புள்ளைங்களும் குடிக்கும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேளம் வந்தது. வெயில் சுள்ளென்று இருந்தது. தெரு பூராவும் வாசலில். பிள்ளைகள் முன்னால் வரிசையாக, குளித்து, திருநீறு பூசி. என் கணவர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. அதைப் பார்த்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். கரகம் நிறைந்தது. வேப்பிலை சொருகினார்கள். பூசாரி சொம்பை எடுத்து என் மகளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். வாங்கிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"குடி கண்ணு" என்றார் பூசாரி.

என் கணவர் முன்னால் வந்தார். சொம்பை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"பாப்பாவுக்கு வேண்டாம்" என்றார்.

"என்னப்பா?"

"வேண்டாங்க. எந்தப் புள்ளைக்கும் வேண்டாம். இந்தத் தண்ணிலதான் எங்க முதுகு போச்சு. பாப்பா காலும் இதுலதான். டாக்டர் சொல்லிட்டாங்க."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பூசாரிக்குக் கை நீட்டியபடியே இருந்தது.

"ஆத்தா முன்னாடி நின்னுக்கிட்டு என்ன பேச்சுடா இது? உங்கப்பன் போட்ட தண்ணிய நீயே..."

"எங்கப்பனும் இதுலதான் செத்தாருங்க."

சொம்பு கையில் இருந்தது. சாமித் தண்ணீர். கீழே ஊற்ற முடியாது. அவரே குடித்தார். அண்ணாந்து குடிக்க வராது அவருக்கு. சொம்பில் வாய் வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, முழுசும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

யாரோ ஒரு கிழவர், "தெருவுக்குத் தண்ணி குடுக்கக் கசக்குது போல. அதுக்கு இப்படி ஒரு கதை" என்றார். சில பேர் சிரித்தார்கள். பூசாரி கரகத்தைத் தூக்கினார். மேளம் மறுபடி அடித்தது. ஊர்வலம் போய்விட்டது. பிள்ளைகள் சில பேர் எங்கள் போர்க் குழாயடியில் நின்று கையில் பிடித்துக் குடித்துவிட்டு ஓடினார்கள். என் கணவர் மோட்டாரை நிறுத்தப் போனார். போய்ச் சேருவதற்குள் அவர்கள் குடித்து முடித்திருந்தார்கள்.

மறுநாள் மோட்டார் போடக்கூடாது என்று நான் நினைத்தேன். அவர் போட்டார். "குளிக்க, தொவைக்க வேணுமில்ல. குடிக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல குடத்தப் புடுங்க முடியுமா?" என்றார். தெரு வந்தது. குடங்கள் அதே வரிசையில். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம்தான். எல்லாக் குடமும் நிறைந்து எல்லா வீட்டுக்கும் போனது.

மதியத்துக்கு மேல் கொல்லைக் கதவு தட்டுகிற சத்தம். ஓரகத்தி. முன்வாசலில் வருகிறவள் அன்று பின்னால் வந்தாள். ஏழு வயது மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது.

"வாயத் தொறடி" என்றாள்.

"மாட்டேன் போ."

"தொறங்கறேன்ல. பெரியம்மா பாக்கட்டும்."

பிள்ளை திறந்தது. ஓரகத்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்டல் பேசுகிற முகம் இல்லை அது.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு யக்கா."

வெளிச்சம் போதவில்லை. பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். புதுப்பல்லின் நடுவில், சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி, வெள்ளையாக ஒன்று இருந்தது. மெல்லிசான கோடு.

"இருக்குது" என்றேன்.